கடினம் வேறு, கணிக்க முடியாதது வேறு: கிண்டி முதல் மாதவரம் வரை அரசு இடங்களின் கட்-ஆஃப்

மூலக்கடை முனை:
பிளஸ் டூ மார்க் வந்த நாள்லேர்ந்து கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் எல்லா வீட்லயும் ஒரே பேச்சுதான். பொறியியலுக்கு 200க்கு 189 இருக்கு (கணிதம் முழுசா, இயற்பியல், வேதியியல்ல பாதி பாதி), கிண்டி கிடைக்குமா, குரோம்பேட்டை எம்.ஐ.டி. கிடைக்குமா? ஒருத்தர் போன வருஷ கட்-ஆஃப, அதாவது கடைசி இடம் எந்த மார்க்ல முடிஞ்சதுன்னு காட்டி, உறுதின்றார். இன்னொருத்தர் எதையும் சொல்ல முடியாது, எல்லாம் அதிர்ஷ்டம்ன்றார். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள்ல எங்க நுழையறது கஷ்டம், எங்க கணிக்கறது கஷ்டம்னு பிரிச்சுப் பேசலாமா? பொறியியல் மட்டும் இல்ல, கால்நடை, சட்டம், கலை அறிவியலும் சேர்த்து. விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட எழுதுங்க.

கல்மண்டபம்:
அவங்க ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். இருவரும் வேறு வேறு இடங்களை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சி.இ.ஜி. எனும் கிண்டி பொறியியல் கல்லூரியின் கணினி அறிவியல் மாநிலத்திலேயே நுழையக் கடினமான பொறியியல் இடங்களில் ஒன்று. ஆனால் கணிக்க அதைவிட எளிதான இடம் கிடையாது. முதல் சில நூறு ரேங்க்கில் இருக்கும் பிள்ளைகள் எதை எடுப்பார்கள் என்பது வருஷா வருஷம் பெரிதாக மாறுவதில்லை. அங்கே கிடைக்குமா கிடைக்காதா என்பது ரேங்க் வெளியான அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆட்டம் நடப்பது நடுவில். காஞ்சிபுரம், திண்டிவனம், ஆரணி, விழுப்புரம் போன்ற அண்ணா பல்கலை உறுப்புக் கல்லூரிகளையும், பர்கூர், போடி, தருமபுரி, செங்கிப்பட்டி மாதிரி அரசு பொறியியல் கல்லூரிகளையும் பாருங்கள். நுழைவது கிண்டி அளவுக்குக் கடினம் இல்லை. ஆனால் கடைசி ரேங்க் ஒரு வருஷம் ஓரிடத்தில் நிற்கும், அடுத்த வருஷம் பல ஆயிரம் தள்ளிப் போகும். அந்த மார்க் வட்டத்தில் உள்ள பிள்ளை முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: விடுதியில் தங்கி அரசுக் கல்லூரியில் படிப்பது, வீட்டு வாசலுக்கு பஸ் அனுப்பும் தனியார் கல்லூரி, நல்ல பெயருள்ள தனியாரில் மவுசு குறைந்த பிராஞ்ச். எந்த வீட்டில் எதை எடுப்பார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நம்ம பகுதிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சென்னையிலும் அதை ஒட்டியும் அரசு இடம் என்றால் அண்ணா பல்கலையின் நான்கு வளாகத் துறைகள்தான்: சி.இ.ஜி., ஏ.சி.டி. (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), எஸ்.ஏ.பி. (கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி), குரோம்பேட்டை எம்.ஐ.டி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். எம்.ஐ.டி.க்கு பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வண்டி. இந்த நான்கிலும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த அரசு இடம் ஊருக்கு வெளியேதான். நடுவில் படி இல்லாத ஏணி மாதிரி. அதனால்தான் 185லிருந்து 190 வரை உள்ள வீடுகளில் இவ்வளவு பதற்றம்.

தண்டையார்பேட்டை 21:
கல்மண்டபம் அண்ணே, மேல் மட்டத்துல ஆடாதுன்னு முழுசா சொல்லிட முடியாது. 200க்கு 200 எடுத்தவங்க 2023ல 102 பேர், 2024ல 65 பேர். வினாத்தாள் கொஞ்சம் இளகினாலே உச்சியில நெரிசல் கூடிடும். மார்க்க வெச்சுப் பார்த்தா சி.இ.ஜி.யும் ஆடும்.

கல்மண்டபம்:
நீங்கள் சொன்னதே என் பதிலும், தம்பி. ஆடுவது மார்க், ரேங்க் இல்லை. 102 பேர் 200 எடுத்தாலும் 65 பேர் எடுத்தாலும் 150-ஆவது ரேங்க் 150-ஆவது ரேங்க்தான்.

இதற்கு நீட்டைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2024-ல் திருத்திய முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720-க்கு 720. 2025-ல் வினாத்தாள் கடினம், நாட்டின் முதலிடமே 686. ராயபுரம் ஸ்டான்லியில் 250 எம்.பி.பி.எஸ். இடம், எம்.எம்.சி. எனும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 250 இடம். இதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மீதி மாநிலக் கலந்தாய்வுக்கு. இரண்டு வருஷமும் அதே இடங்கள்தான். 2024 மார்க் பட்டியலை வைத்துக்கொண்டு 2025-ல் ஸ்டான்லி கிடைக்குமா என்று பார்த்தவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ரேங்க்கை வைத்துப் பார்த்தவர் குழம்பவே இல்லை.

எண்ணூர் முகத்துவாரம்:
ஒரே கட்-ஆஃப்ல பல பேர் இருந்தா ரேண்டம் நம்பர், அதாவது குலுக்கல் எண்தான் முடிவு பண்ணுதுன்னு இங்க நிறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. சரியா?

தண்டையார்பேட்டை 21:
கடைசியிலதான் அது வரும். ரெண்டு பிள்ளைங்கள எடுத்துக்குங்க.

முதல் பிள்ளை: கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 91. கணிதம் அப்படியே 97, இயற்பியல்ல பாதி 47, வேதியியல்ல பாதி 45.5. மொத்தம் 189.5.
ரெண்டாவது பிள்ளை: 95, 95, 94. அதாவது 95, 47.5, 47. இதுவும் 189.5.

மூணு பாடத்தையும் கூட்டினா ரெண்டாவது பிள்ளைதான் 2 மார்க் கூட. ஆனா ரேங்க்ல முதல் பிள்ளைதான் முன்னாடி, ஏன்னா சமமானா முதல்ல பார்க்கறது கணிதம். அதுவும் சமமானா இயற்பியல். அப்புறமும் சில விதி இருக்கு, பிறந்த தேதியில மூத்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு. எல்லாமே ஒண்ணா இருந்தா மட்டும்தான் ரேண்டம் எண்.

இதுலேர்ந்து ஒரு விஷயம். மறுகூட்டல், மறுமதிப்பீடுக்கு விடைத்தாள் நகல் வாங்கறதா இருந்தா மொதல்ல கணித நகல வாங்குங்க. கணிதத்துல 1 மார்க் ஏறினா கட்-ஆஃப் 1 ஏறும், மத்த ரெண்டுல 1 ஏறினா அரைதான். 189, 190 மாதிரி அடர்த்தியான இடத்துல அரை மார்க்குக்குள்ளயே நூத்துக்கணக்கான ரேங்க் அடங்கி இருக்கும்.

வியாசர்பாடி ஜீவா:
சமூகப் பிரிவு வாரியாகப் பார்க்காமல் ‘கணிக்க முடியாதது’ பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு. 60 இடம் உள்ள ஒரு பிராஞ்சை 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரித்துப் போடுகிறேன்.

பொதுப் போட்டி 31 சதவீதம்: 18.6
பி.சி. 26.5: 15.9
பி.சி. முஸ்லிம் 3.5: 2.1
எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) 20: 12
எஸ்.சி. 15: 9
எஸ்.சி. அருந்ததியர் 3: 1.8
எஸ்.டி. 1: 0.6

எஸ்.டி.க்கு 0.6 இடம். ஒரு பிராஞ்சில் ஓர் இடம் இருக்கும், இன்னொரு பிராஞ்சில் இருக்கவே இருக்காது. பி.சி. முஸ்லிமுக்கு இரண்டே இடம். அங்கே கடைசி கட்-ஆஃப் என்று பட்டியலில் நிற்பது ஒரே ஒரு பிள்ளையின் மார்க். அந்தப் பிள்ளை 194-ஆக இருந்தால் கட்-ஆஃப் 194, 181-ஆக இருந்தால் 181. அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளை, இன்னொரு எண். 15, 18 இடம் உள்ள பிரிவில் ஒரு பிள்ளை வருவதும் போவதும் கடைசி எண்ணை லேசாகத்தான் அசைக்கும். 2 இடத்தில் அதே அசைவு மொத்தப் படத்தையும் மாற்றிவிடும்.

வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் பி.சி. முஸ்லிம் பிள்ளைகளும் அருந்ததியர் பிள்ளைகளும் நிறைய. ‘போன வருஷம் 193-இல் முடிந்தது, நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது’ என்று சி.இ.ஜி.யையும் எம்.ஐ.டி.யையும் பட்டியலில் போடாமலே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். இரண்டே இடம் உள்ள பிரிவில் போன வருஷ எண் எதையும் நிரூபிக்காது. உங்கள் ரேங்க் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் அந்த இடத்தைப் பட்டியலில் போடத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஒதுக்கீட்டுப் பிரிவில் இருப்பவருக்கும் பொதுப் போட்டி இடம் உண்டு. ரேங்க் எட்டினால் முதலில் அந்த இடத்தில்தான் வைப்பார்கள். பொதுப் போட்டி ‘வேறு யாருக்கோ உள்ளது’ என்று இன்னமும் நினைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அருந்ததியர் இடம் நிரம்பாவிட்டால் மற்ற எஸ்.சி. பிள்ளைகளுக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூலக்கடை முனை:
அப்ப அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்னும் மோசமா ஆடும்ல?

வியாசர்பாடி ஜீவா:
ஆமாம். 60-இல் 7.5 சதவீதம் 4.5. அந்த 4 அல்லது 5 இடத்தையும் மறுபடி சமூக வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிராஞ்சில் உங்கள் பிரிவுக்கு ஓர் இடம் இருந்தாலே பெரிது. அதனால் 7.5 பிள்ளைகள் ஒரே பிராஞ்சை நம்பக் கூடாது. பட்டியல் நீளமாக இருக்க வேண்டும். பொதுக் கலந்தாய்விலும் அவர்கள் கலந்துகொள்ளலாம், அதையும் விடக் கூடாது. கிடைத்துவிட்டால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும் என்பதால், ‘வெளியூர் விடுதிக்குப் பணமில்லை’ என்ற காரணத்தால் திண்டிவனத்தையோ சேலத்தையோ தள்ள வேண்டியதில்லை.

மாநகராட்சிப் பள்ளி அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. பொதுவாக 6-லிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்தந்தத் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்றை ஜூனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். 8-ஆம் வகுப்பு வரை ஒரு பள்ளி, பிறகு வேறு பள்ளி என்பது நம்ம பகுதியில் சாதாரணம். கடைசி வாரத்தில் அலைகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

பெரம்பூர் லோகோ:
கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். பொறியியல் சேர்க்கைத் தளத்தில் கல்லூரி, பிராஞ்ச், சமூகம் வாரியாகக் கடைசி கட்-ஆஃபும் கடைசி ரேங்க்கும் வருஷா வருஷம் போடுகிறார்கள். மூன்று வருஷத்தை எடுங்கள். மார்க்கை விட்டுவிட்டுச் சமூக ரேங்க்கை, அதாவது உங்கள் சமூகப் பிரிவுக்குள் உள்ள ரேங்க்கை மட்டும் எழுதுங்கள்.

புரிவதற்காகக் கற்பனை எண்கள். ஒரு பிராஞ்சில் மூன்று வருஷக் கடைசி ரேங்க் 1180, 1320, 1250. நடு எண் 1250. அதிகத்துக்கும் குறைவுக்கும் வித்தியாசம் 140. நடு எண்ணில் அது 11 சதவீதம். இன்னொரு கல்லூரியில் 4100, 7900, 5200. நடு எண் 5200, வித்தியாசம் 3800, அதாவது 73 சதவீதம். முதலாவது கடினமான இடம், ஆனால் நம்பிக் கணக்குப் போடலாம். இரண்டாவது எளிதான இடம், ஆனால் எதையும் நம்ப முடியாது. 15 சதவீதத்துக்குள் இருந்தால் நம்பலாம், 50-ஐத் தாண்டினால் போன வருஷ எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். இது என் அளவுகோல்தான்.

உங்கள் ரேங்க் மூன்று வருஷத்தின் மிகச் சிறிய எண்ணுக்குள் இருந்தால் அந்த இடம் பத்திரம். சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் இருந்தால் வாய்ப்பு உண்டு. பெரிய எண்ணையும் தாண்டிவிட்டால் ஆசைக்குப் போடலாம், நம்ப வேண்டாம். பட்டியலில் பத்திரமான இடங்கள் குறைந்தது பத்து இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்கிய பிராஞ்சுக்கு இந்தக் கணக்கு செல்லாது. செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிராஞ்சுகள் வந்தபோது பக்கத்து பிராஞ்சுகளின் ரேங்க்கும் சேர்ந்து மாறியது. ஒரு கல்லூரி இடத்தைக் கூட்டினாலும் அப்படித்தான். அந்த வருஷத்து இடப் பட்டியலில் எத்தனை இடம் என்று பார்த்துவிட்டுப் பழைய ரேங்க்கைத் தொடுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்:
சாய்ஸ் போடறதுல ஒரு சந்தேகம். கிடைக்காத காலேஜ முதல்ல போட்டா அந்த சாய்ஸ் வீணாப் போய், அதுக்குள்ள கீழ இருக்கற இடத்த வேற யாராவது எடுத்துடுவாங்கன்றாங்களே?

பெரம்பூர் லோகோ:
தவறு. இந்த ஒரு நம்பிக்கையால் வருஷா வருஷம் நல்ல இடங்கள் கைவிட்டுப் போகின்றன. கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, இருக்கிற முதல் இடத்தைத் தருகிறது. மேலே பத்து இடம் கிடைக்காமல் போனாலும் 11-ஆவது இடத்தை உங்களுக்குப் பின்னால் இருப்பவர் எடுக்க முடியாது. ஆகவே வாய்ப்பைப் பார்த்து வரிசை போடாதீர்கள், விருப்பத்தைப் பார்த்துப் போடுங்கள்.

வழக்கமாக நடக்கும் பிழைகள்: ஒரே துறைக்கு சாதாரண இடமும் சுயநிதி இடமும் வேறு வேறு குறியீட்டில் இருக்கும், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை மறப்பது. சி.இ.ஜி. 1, ஏ.சி.டி. 2, எஸ்.ஏ.பி. 3, எம்.ஐ.டி. 4 என்று கல்லூரிக் குறியீடு இருக்க, பெயர் குழப்பத்தில் வேறு கல்லூரியைச் சேர்ப்பது. பொழுது முடியும் வரை காத்திருந்து, பிரவுசிங் சென்டரில் கூட்டம், சர்வர் மந்தம் என்று பாதிப் பட்டியலோடு நிற்பது. நேரம் முடிந்தால் இருக்கிற பட்டியல் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

தண்டையார்பேட்டை 21:
‘ஏற்கிறேன், மேல்நோக்கிப் போகிறேன்’னு ஒரு பொத்தான் இருக்கே, அதையும் சொல்லுங்க. அதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க.

பெரம்பூர் லோகோ:
தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள்தான். ஏற்றுச் சேர்கிறேன் என்றால் கல்லூரிக்குப் போய்க் குறித்த நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். ஏற்று மேலே பார்க்கிறேன் என்றால் உதவி மையத்தில் கட்ட வேண்டும். எதையும் அழுத்தாவிட்டால் இடம் போய்விடும். அழுத்தியும் பணம் கட்டாவிட்டால் அப்போதும் போய்விடும்.

மேலே பார்க்கிறேன் என்று சொன்னவருக்கு, யாராவது சேராமல் விட்ட இடம் அவர் பட்டியலில் மேலே இருந்தால் தானாகக் கிடைக்கும். கிடைத்ததும் பழைய இடம் போய்விடும், திரும்பப் பெற வழியில்லை. ‘அழகுக்கு’ என்று பிடிக்காத கல்லூரியை மேலே வைத்தவர் இங்கேதான் அழுகிறார். கைத்தொலைபேசியில் அரைகுறையாகப் பார்க்காமல், பட்டியலைத் தாளில் எழுதி ஒவ்வொரு ஜோடியாகக் கேளுங்கள்: இது கையில் இருக்கும்போது மேலே உள்ளது வந்தால் மகிழ்ச்சியா? இல்லை என்றால் வரிசையை மாற்றுங்கள்.

மாதவரம் பால்பண்ணை:
கால்நடைக்கு வருகிறேன். மாதவரத்தில்தான் கால்நடைப் பல்கலைக்கழகத் தலைமையிடம், வேப்பேரியில் கல்லூரி. மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும். உயிரியல் 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட். மாநிலம் முழுவதும் ஏழு கல்லூரிகள்தான் என்பதால் தேர்வுக் கடுமை அதிகம். அதோடு ஆட்டமும் உண்டு. மேல் ரேங்க்கில் பலர் எம்.பி.பி.எஸ்.க்கும் காத்திருப்பவர்கள். மருத்துவக் கலந்தாய்வு முன்னால் நடந்தால் அவர்கள் போய்விட்டு ரேங்க் கீழே இறங்கும். பின்னால் நடந்தால் இடத்தைப் பிடித்துவைத்து அப்புறம் விடுவார்கள். ஒரே மார்க்குக்கு ஒரு வருஷம் வேப்பேரி, இன்னொரு வருஷம் ஒரத்தநாடு. மார்க் மேல் தப்பில்லை, நாட்காட்டி மேல்தான் தப்பு.

வேளாண் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்குக்கும் தலா 50. நான்கும் படித்த பிள்ளைக்குப் பொறியியல், கால்நடை, வேளாண் என்று மூன்று விதமான கட்-ஆஃப் வரும். மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள், ஒன்றில் பின்தங்கிய பிள்ளை இன்னொன்றில் முன்னால் நிற்கும். மீன்வளப் படிப்புக்குப் பொன்னேரியில் கல்லூரி இருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகள் அந்த விவரக் குறிப்பேட்டில் மீனவர் பிள்ளைகளுக்கான தனி ஒதுக்கீட்டைக் கட்டாயம் படியுங்கள்.

கல்மண்டபம்:
சட்டம் பற்றி ஒரு வரி. பாரிமுனை உயர் நீதிமன்றம் அருகில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது. வடசென்னையிலிருந்து இரண்டும் தூரம். தூரத்தைப் பார்த்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்குபவர்கள் மற்ற சட்டக் கல்லூரிகளையும் விருப்பத்தில் சேருங்கள்.

பாரதி வாசல்:
கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. இந்தப் பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் போவது அங்கேதான். பிராட்வே பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, ஆர்.கே. நகர் கல்லூரி, இன்னும் தள்ளிப் போனால் மாநிலக் கல்லூரி, ராணி மேரி. எல்லாம் அரசுக் கல்லூரிகள்.

இங்கே கணிக்க முடியாததற்குக் காரணமே வேறு. விண்ணப்பம் ஒரே தளத்தில். ஆனால் கலந்தாய்வு ஒவ்வொரு கல்லூரியும் தனியாக நடத்தும். ஒரு பிள்ளை ஐந்து கல்லூரியில் ஐந்து ரேங்க் வைத்திருக்கும். மேல் ரேங்க்கில் உள்ள அதே பிள்ளைகள் எல்லாக் கல்லூரிப் பட்டியலிலும் இருப்பார்கள், சேர்வது ஓரிடத்தில்தான். அதனால் 300-ஆவது ரேங்க் என்று பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள். 300-ஆவது ரேங்க் வரை கூப்பிட்டு 40 இடத்தை நிரப்பிய துறைகள் உண்டு. வராதவர்கள்தான் அதிகம்.

தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க், மற்றதற்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடம் 400-க்கு. வணிகவியல் பிரிவில் 400-க்கு 360 எடுத்து பி.காம். கிடைக்காதவர், தமிழில் 95 இருந்தால் தமிழ் இலக்கியப் பட்டியலில் மிக முன்னால் இருப்பார்.

நழுவும் இடங்கள் இவை. அழைப்பு வரும் கைபேசி எண் பள்ளியில் கொடுத்த பழைய எண்ணாக இருப்பது. ஒரே நாளில் இரண்டு கல்லூரி அழைப்பது. இப்படி வந்தால் அம்மா ஒரு கல்லூரிக்கும் பிள்ளை இன்னொன்றுக்கும் போவது வேலைக்கு ஆகாது. பிள்ளையும் அசல் சான்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். முதல் விருப்பக் கல்லூரிக்கே போங்கள். அழைத்த நாளில் போகாவிட்டால் அந்த ரேங்க்குக்கு உரிமை போய்விடும், ஆனால் இடம் காலியிருந்தால் அடுத்த கட்டத்தில் கேட்கலாம். முதல் கட்டம் முடிந்ததும் கல்லூரி வாசலில் அறிவிப்புப் பலகையை நேரில் போய்ப் பாருங்கள். இடங்களைக் கூட்ட அனுமதி வரும் வருஷங்களில் அந்தப் பலகைதான் முதலில் சொல்லும்.

மூலக்கடை முனை:
சாதிச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில எவ்ளோ நாள் ஆகும்? 189.5 பிள்ளை பி.சி., வீட்ல யாரும் டிகிரி படிக்கல.

வியாசர்பாடி ஜீவா:
நாள் கணக்கை நம்பாதீர்கள். ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். மே முதல் வாரமே போடுங்கள். முதல் பட்டதாரிச் சான்றில் நிற்கும் இடம் உடன்பிறப்பு விவரம். அண்ணன், அக்கா இருவரின் படிப்பு விவரமும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். குடும்ப அட்டையில் பெயரின் எழுத்து, மார்க் பட்டியல் எழுத்து, ஆதார் எழுத்து மூன்றும் ஒத்திருக்கிறதா பாருங்கள். முதலெழுத்து முன்னே பின்னே இருந்தாலும் நிறுத்துவார்கள். வீட்டில் வேறு யாரும் பட்டதாரி இல்லை, இந்தச் சலுகையை இன்னொரு பிள்ளை வாங்கவும் இல்லை என்றால் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும்.

பெரம்பூர் லோகோ:
189.5 பி.சி.க்கு: முதலில் சி.இ.ஜி., எம்.ஐ.டி.யில் பிடித்த பிராஞ்ச் எல்லாம், சாதாரணமும் சுயநிதியும் சேர்த்து. பிறகு ஏ.சி.டி.யில் வேதி, ஜவுளி, தோல் தொழில்நுட்பம் மனதுக்கு ஒத்தால் மட்டும். பிறகு கோவை ஜி.சி.டி. (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), அரசு உதவி பெறும் மதுரை தியாகராசர், சேலம் அரசு பொறியியல் கல்லூரி மூன்றையும் விடுதிச் செலவோடு வீட்டில் உட்கார்ந்து பேசி வையுங்கள். அதன் கீழே காஞ்சிபுரமும் நல்ல தனியாரும் எது மேல் என்பது உங்கள் முடிவு. ரேங்க் வந்ததும் மூன்று வருஷச் சமூக ரேங்க்கோடு பட்டியலை இங்கே போடுங்கள், ஒவ்வொரு குறியீடாகச் சரிபார்த்துச் சொல்கிறோம்.

மூலக்கடை முனை:
போடறேன் அண்ணே. கணித விடைத்தாள் நகலுக்கும் நாளைக்கே விண்ணப்பிக்கச் சொல்லிட்டேன்.